நான்காவது கட்டை

எட்டு ஐம்பத்து மூன்று. நல்ல நேரம் ஒன்பதே காலுக்குத் தொடங்கிப் பத்தே காலுக்கு முடிகிறது, கொத்தனாரைக் காணோம். காணோம் என்று சொன்னால் பாவம், வந்துவிட்டுத்தான் போயிருக்கிறார். தண்ணீர்த் தொட்டி ஓரம் அவருடைய கரண்டியும் ரசமட்டமும் கிடக்கின்றன, வேப்பங்கொம்பில் வேலைச் சட்டை தொங்குகிறது. "பூ வாங்கப் போயிருக்காவ சார், இந்தா வந்துருவாவ" என்கிறாள் சித்தாள் செல்லத்தாய், குடத்தைச் சாய்த்துச் செங்கலை நனைத்துக்கொண்டே. இந்தா என்றால் எத்தனை நிமிஷம்? முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு இந்தக் கணக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. நாரைக்கிணற்றில் ஒரு கூட்ஸ் வண்டி நான்கு நிமிஷம் நின்றால் நான் புத்தகத்தில் காரணம் எழுத வேண்டும், வீடு கட்டுகிற உலகத்தில் நான்கு நாளுக்குக் கூட யாரும் காரணம் சொல்வதில்லை. இருக்கட்டும். இன்று எரிச்சல்படக் கூடாது என்று காலையில் சவரம் செய்யும்போதே முடிவு செய்துகொண்டு வந்தேன். இன்று தலைவாசலுக்கு நிலை வைக்கிற நாள். ஆயுசு முழுக்க ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவனுக்கு, எந்தச் சுவரிலும் கேட்காமல் ஆணி அடித்துப் பழகாதவனுக்கு, அறுபத்து மூன்று வயதில் தாழையூத்துக்கு இந்தப் பக்கம் ஐந்து சென்ட் செம்மண்ணில் சொந்த வாசல் நிற்கப் போகிறது. என் மனைவி பிரமு ஒன்பதே முக்காலுக்கு ஆட்டோவில் வருகிறாள், மாம்பழக் கலர் சேலையை நேற்றே எடுத்து வைத்துவிட்டாள். தவசிக்கனி மாதிரி ஒரு கொத்தனார் கிடைத்தது நாம் செய்த பாக்கியம் என்று நேற்று சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள், கொஞ்சம் அவசரமாகவே ஆமாம் என்றாள். அது நேற்று. நான் வந்ததும் வராததுமாக நிலையை மூடியிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தது எட்டு நாற்பத்தொன்பதுக்கு.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டை, தலைக்கு ஒன்று, மொத்தம் மூன்று. மூன்றே மூன்று என்று நான் தவசிக்கனியிடம் தெளிவாகத்தான் சொன்னேன், இதே வேப்பமரத்தடியில், போன மாதம் ஏழாம் தேதி. "கீழே வாசப்படிக் கட்டை வேண்டாம். தரை வெளியேயிருந்து உள்ளே அப்படியே ஓடணும், அரை அங்குலம் கூடத் தட்டக் கூடாது. வீட்டம்மாவுக்கு இது தெரிய வேண்டாம், வச்ச பிறகு நான் சொல்லிக்கிடுதேன்." சரி சார் என்றார். தலையைச் சொறிந்துகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, சரி சார். தார்ப்பாயைத் தூக்கினால் நான்கு கட்டை. நான்காவது கட்டை எனக்குத் தெரியாமல் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது போலக் கிடக்கவில்லை, மற்ற மூன்றோடும் சேர்த்து ஆசாரி இழைத்துப் பூட்டிய அதே வேங்கை மரம், நடுவில் ஒரு சின்னத் தாமரை வேறு. தாமரை செதுக்குவதென்றால் ஒரு நாள் வேலை. ஆக, இது மறதியில் நடந்ததில்லை, உட்கார்ந்து யோசித்து, ஆசாரியிடம் சொல்லி, பூவெல்லாம் போட்டு என் பேச்சை மீறியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தால் காது முதலில் சுடும், இப்போது சுடுகிறது. அதைவிட எரிச்சல், நிலையைத் தரையில் சாய்க்காமல் இரண்டு தார் டிரம்மின் மேல் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் படுக்க வைத்திருப்பது. யாராவது இடுப்பில் இடித்துக்கொண்டால்? கல்யாணப் பந்தியில் இலை போட மேசை மாதிரி என் தலைவாசல் இடுப்புயரத்தில் கிடக்கிறது. ஒரு மயில் செங்கல் அடுக்கின் மேல் நின்று அதைத்தான் பார்க்கிறது.

நிதானம். மூன்றாவது ஆள் இவர், இவரையும் விரட்டிவிட்டால் நான்காவதுக்கு எங்கே போவேன். முதலாவது ஆள் எஞ்சினியர், கண்ணாடி அறை, குளிர்சாதனம், கம்ப்யூட்டரில் வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். படத்தில் எங்கள் வீட்டு முன்னால் புல்வெளி, எங்களிடம் இல்லாத கார், எங்களிடம் இல்லாத நாய், வாசலில் நான்கு படி. தம்பி, படி கூடாது, என் மனைவி சக்கர நாற்காலியில் இருக்கிறாள் என்றேன். "ஓகே சார், நோட் பண்ணிக்கிட்டேன்" என்று நிஜமாகவே எழுதிக்கொண்டான். அடுத்த படத்தில் ஐந்து படி இருந்தது, நாய் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் மாறியிருந்தது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். இரண்டாவது ஆள் வேலையைத் தொடங்கவாவது செய்தார், மூன்றடிக்குப் பேஸ்மட்டம் எழுப்பினார், பிறகு ஒரு திங்கட்கிழமை வரவில்லை. போன் போட்டால் "சார், வண்டியில இருக்கேன், பாலத்து மேல வந்துட்டேன்" என்பார். மறுநாளும் பாலத்து மேல். பதினோரு நாள் அந்த மனிதர் தாமிரபரணிப் பாலத்தின் மேலேயே இருந்தார், அக்கரை போய்ச் சேர்ந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தகவல் இல்லை. அன்றைக்கெல்லாம் பிரமுவிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை, அவள் மட்டும், "வருவாங்க, நல்ல ஆளா ஒருத்தங்க வருவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போது யோசித்தால் அந்தப் பாலத்து மனிதருக்கும் நான் கடன்பட்டவன்தான், அவர் ஒழுங்காக வந்திருந்தால் தவசிக்கனி வந்திருக்க மாட்டார். இப்படி நினைக்கும்போதே காது சுடுவது கொஞ்சம் குறைகிறது, பிறகு தாமரை கண்ணில் படுகிறது, மறுபடி சுடுகிறது.

தவசிக்கனியை நான் ஆள் வழியாகத் தேடவில்லை, ஒரு சரிவு வழியாகத் தேடிப் போனேன். பிரமுவுக்கு முதுகுத்தண்டில் அறுவை செய்து, கால் இரண்டும் இனி இவ்வளவுதான் என்று ஆன பிறகு, வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி மருத்துவரிடம் கூட்டிப்போவேன். பழைய இடத்தில் நாற்காலி ஏறுவதற்குச் சரிவு என்ற பெயரில் ஒரு சறுக்குப் பாறை கட்டி வைத்திருந்தார்கள், ஏற்றுவதற்குள் எனக்கு நெஞ்சு அடைக்கும், இறக்கும்போது அவளுக்கு. ஒரு நாள் அவர் புது இடத்துக்கு மாறினார். நாற்காலியைத் தள்ள மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கைப்பிடி என் கையை விட்டுப் போகிறது, பிரமு தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு மேலே போகிறாள். பாதியில் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னை விட்டு எட்டடி தள்ளிப் போனது அன்றைக்குத்தான். தண்டவாள ஓரத்துப் பலகையில் எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு ஏற்றம் என்று எழுதியிருப்பதைப் பார்த்தே காலம் கழித்தவன் நான், உடனே காலடியால் அளந்தேன். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், இம்மி பிசகவில்லை, திருப்பத்தில் நாற்காலி நின்று திரும்ப ஐந்தடி இடமும் விட்டிருந்தது. யார் கட்டியது என்று கேட்டு, அவர் வீட்டைத் தேடி, அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "எங்க அக்கா மகன் ஒருத்தன் அப்படித்தான் சார், வண்டியிலதான் இருக்கான். அவன உக்கார வச்சு உருட்டிப் பாத்துத்தான் எல்லாச் சரிவும் போடுவேன்" என்றார். இங்கே வந்து பாதியில் நின்ற பேஸ்மட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், முதல் வேலையாகச் சுவரை எழுப்பவில்லை, சரிவைக் கட்டினார். சுவரே இல்லாத வீட்டுக்கு எதற்கய்யா சரிவு என்று கேட்டேன். "அம்மா வந்து பாக்காண்டாமா சார், அவ்வொ வீடுல்லா." அப்படிப்பட்ட மனுஷன் இந்தக் கட்டையை எப்படி வைக்கத் துணிந்தார்?

நான்கு அங்குலம். இப்போது குடியிருக்கிற வாடகை வீட்டு வாசற்படியின் உயரம் நான்கு அங்குலம், எனக்கு அது மனப்பாடம், ராத்திரி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்து, முன்சக்கரத்தைத் தூக்கிப் படிக்கு மேலே வைத்து, பிறகு பின்சக்கரத்தை முட்டுக் கொடுத்து ஏற்ற வேண்டும். போன ஆவணியில் ஒரு நாள், போன் அடிக்கிறது என்று அவசரத்தில் சாய்க்காமல் தள்ளிவிட்டேன். முன்சக்கரம் படியில் முட்டி நின்றது, நாற்காலி நின்றது, பிரமு நிற்கவில்லை. தடக்கென்று ஒரு சத்தம், பிறகு சத்தமே இல்லை, குப்புறக் கிடந்தாள், சேலைத் தலைப்பெல்லாம் ரத்தம். தாடையில் மூன்று தையல். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, "உங்க மேல தப்பில்ல, நான்தான் பெல்ட்டு போடல" என்றாள், போன் யார் என்று வேறு கேட்டாள். அது யாரோ தவறாகக் கூப்பிட்ட போன். ஸ்டேஷனில் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் ஒரு வண்டியை விட்டிருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், இங்கே என்னை யாரும் அனுப்பவில்லை, சாயங்காலம் காப்பி போட்டுக் கொடுத்தேன், அவள் குடித்தாள். அன்றைக்கு முடிவு செய்தேன், நான் கட்டுகிற வீட்டில் வாசற்படி என்று ஒன்று இருக்காது. அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பேச்சு வரும், அந்தச் சத்தம் வரும். வெள்ளிக்கிழமை தோறும் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அந்தப் படிக்கு மஞ்சள் பூசச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த மூலை விட்டுப்போச்சு பாரு" என்று பிரமு சொல்லிக்கொண்டிருப்பதை நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். அவளைக் கீழே தள்ளிய படிக்கு எதற்கு மஞ்சள் என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஆத்திரம் படி மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க எனக்குப் பயம். பேப்பரைத் திருப்புவேன்.

ஒன்பது ஆறு. என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்கிறேன். இந்தா பாரும் தவசிக்கனி, என்று தொடங்கக் கூடாது, அவர் பாரும் கீரும் கேட்கிற ஆள் இல்லை, பேசாமல் கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடுவார். போனால் போகட்டும் என்று சொல்கிற தெம்பு எனக்கு இல்லை. வீடு கட்டுகிறவன் கோபப்படும்போதே ஒரு கண்ணால் கொத்தனார் சைக்கிள் எங்கே என்று பார்த்துக்கொள்கிறான். மெதுவாகச் சொல்லலாம், தவசிக்கனி, அந்தக் கட்டையை மட்டும் ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடலாமா. தாமரையை அறுப்பதா, நல்ல நாள் அதுவுமாகவா, பிரமு பார்த்துக்கொண்டிருக்கும்போதா? அவள் வருவதற்குள் அறுக்க வேண்டும், ஒன்பதே முக்காலுக்குள், அதற்கு ஆசாரி வேண்டும். நடக்கிறேன். வாசலுக்கு விட்ட இடைவெளி வரைக்கும் போகிறேன், அங்கே ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறது, பூசியது காயாமல் இருக்கப் போட்டிருப்பார்களாக இருக்கும், மிதிக்காமல் திரும்புகிறேன். ஓரமாக உடைந்த கான்கிரீட் சில்லு ஒரு குவியல். எதை உடைத்தார்கள்? நல்லதை உடைப்பதும் கேட்காததை வைப்பதும். வாசல் குறுக்கே மஞ்சள் நூல் ஒன்று, இந்தச் சுவர் ஆணியிலிருந்து அந்தச் சுவர் ஆணிக்கு விறைப்பாகக் கட்டியிருக்கிறது, காலில் தடுக்குகிறது. "சார், நூல மிதிச்சிராதிய, கொத்தனார் வைவாவ" என்கிறாள் செல்லத்தாய். என் வீட்டு வாசலில் நான் மிதிக்கக் கூடாத இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. கோயம்புத்தூர் பக்கம் போகிற மேகமாக இருக்கும், வெயிலை ஒரு நிமிஷம் மறைத்துவிட்டுப் போகிறது. ஒன்பது பதினொன்று.

சைக்கிள் மணி. ஹாண்டில் பாரில் பூப்பொட்டலம், மாவிலைக் கொத்து, முகத்தில் வேர்வை. "மன்னிக்கணும் சார், நல்ல மல்லி கிடைக்கல, ஜங்ஷன் கடை வரைக்கும் போயிட்டேன்." நான் நான்காவது கட்டையைக் காட்டுகிறேன். "என்ன தவசிக்கனி இது? நான் என்ன சொன்னேன், நீரு என்ன செஞ்சிருக்கேரு?" அவர் தலையைச் சொறிகிறார், தரையைப் பார்க்கிறார், அன்றைக்குப் பார்த்த அதே தரை. "சார், ஒரு பத்து நிமிசம் பொறுங்க" என்கிறார். பத்து நிமிஷம். பாலத்து மேல. என் வாயில் வரக் கூடாத வார்த்தை ஒன்று வந்து பல்லுக்குப் பின்னால் நிற்கிறது, அது வெளியே வந்திருந்தால் அவர் போயிருப்பார், நான் இந்த வேப்பமரத்தடியிலேயே வயசாகியிருப்பேன். வரவில்லை, ஏனென்றால் ஆட்டோ வந்துவிட்டது. ஒன்பது பதினேழு. ஒன்பதே முக்காலுக்கு வர வேண்டிய பிரமு இருபத்தெட்டு நிமிஷம் முன்னால் வந்து இறங்குகிறாள், ஆட்டோக்காரர் நாற்காலியை விரிக்கிறார், மாம்பழக் கலர். "இருப்பு கொள்ளல, அதான் கெளம்பிட்டேன்" என்கிறாள். அவள் சரிவில் தானே ஏறி வருகிறாள், சக்கரத்தில் செம்மண், நேராக நிலைக்குப் போகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் எண்ணியது மாதிரியே அவளும் எண்ணுகிறாள். முகம் மலர்கிறது. "கொத்தனாரே, மறக்காம வச்சிட்டிய" என்கிறாள்.

எனக்குப் புரிய நேரம் பிடிக்கிறது. தவசிக்கனி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று மாவிலையைப் பிய்க்கிறார். "அம்மா போன்ல சொன்னாவ, வாசப்படி கண்டிப்பா வேணும், சாருக்குத் தெரியாண்டாம், அவ்வொ மனசு கஷ்டப்படுவாவன்னு. சாரு இங்க வச்சுச் சொன்னாவ, வாசப்படி கூடவே கூடாது, அம்மாக்குத் தெரியாண்டாம்னு. ரெண்டு பேருக்கும் சரின்னுட்டேன். நான் வேற என்னத்தச் சொல்ல?" பிரமு என்னைப் பார்க்கிறாள், தாடையில் அந்தத் தழும்பு வெள்ளையாகத் தெரிகிறது. "படி வேண்டாம்னு சொன்னியளா? படி இல்லாட்டா அது வாசலா, வெறும் வழில்லா" என்கிறாள், கோபமாக இல்லை. "நீ விழுந்தியே" என்கிறேன், ஆவணியிலிருந்து சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை அது, செல்லத்தாயும் ஆட்டோக்காரரும் நிற்கும்போது வந்துவிட்டது. "விழுந்தேன். அதுக்கு?" என்கிறாள். தவசிக்கனி ஈரச் சாக்கை உருவி எறிகிறார். பேஸ்மட்டக் கான்கிரீட்டில் வாசல் அகலத்துக்கு ஒரு பள்ளம், உளியால் கொத்திக் கொத்தி எடுத்தது, ஓரமெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக. "இந்த நூலுதான் சார் நாளைக்கு டைல்ஸ் போடப் போற மட்டம். கட்டை இந்தப் பள்ளத்துக்குள்ள எறங்கிரும். மேல் முகம் மட்டுந்தான் தெரியும், தரையோட தரையா. அம்மாக்குப் படி உண்டு, சாருக்குப் படி கிடையாது." நான்கு நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து கொத்தினாராம், எங்கள் காதுக்குப் போய்விடக் கூடாதென்று. செல்லத்தாய்தான் சொல்கிறாள், அவர் சொல்லவில்லை.

பிறகுதான் டிரம் எதற்கென்று புரிகிறது. பிரமு மஞ்சள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியை நிலையோடு சேர்த்து நிறுத்துகிறாள், கை நீட்டுகிறாள், குனியவே இல்லை. வாசற்படிக் கட்டை சரியாக அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கிடக்கிறது. அளந்து வைத்திருக்கிறார், அந்த மனுஷன் அக்கா மகனை உட்கார வைத்து அளந்திருப்பார். இரண்டரை வருஷமாக எதிர்வீட்டுப் பெண்ணின் கையால் பூசியவள், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, தாமரையின் ஒவ்வொரு இதழுக்குள்ளும் விரலை விட்டுத் தன் கையாலேயே பூசுகிறாள். ஒரு மூலை கூட விட்டுப்போகவில்லை. நான் அழுகிறேன், அதை மறைக்கப் பேப்பர் இல்லை. தவசிக்கனியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன், சிமென்ட்டில் காய்த்துப்போன கை, "உமக்கு நான் எப்படி நன்றி சொல்ல" என்கிறேன். "விடுங்க சார், நேரம் போகுது, அந்தப் பக்கம் பிடிங்க" என்கிறார். நான் ஒரு பக்கம், ஆட்டோக்காரர் ஒரு பக்கம், செல்லத்தாய் ஒரு பக்கம், நிலையைத் தூக்கி நிறுத்துகிறோம், தலைக்கட்டையில் கட்டிய நவதானிய முடிச்சு ஆடுகிறது, கட்டை பள்ளத்துக்குள் இறங்கி உட்காருகிறது. ரசமட்டத்தை வைக்கிறார், தூக்குக்குண்டு விடுகிறார், இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்கிறார். ஒன்பது ஐம்பத்தாறு, நல்ல நேரத்துக்குள்.

படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செங்கல் வைத்து, நூல் மட்டத்துக்குச் சாரப்பலகை போட்டு, ஏறுகிற முனையைச் சரித்துத் தருகிறார் தவசிக்கனி, உருட்டிப் பார்க்காமல் அவர் எதையும் விடமாட்டார். "ஏறட்டும் சார், அடியில கல்லுத்தான் நிக்குது, அசையாது." நான் கைப்பிடியைப் பிடிக்கப் போகிறேன், சாய்க்க வேண்டும், முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும், கை தானாகவே அந்த வேலைக்குத் தயாராகிவிட்டது. "தள்ளாதிய" என்கிறாள் பிரமு. கையை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சக்கரத்தையும் பிடித்து ஒரு தடவை உருட்டுகிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கிறேன், தண்டவாளம் சேருகிற இடத்தில் வண்டி ஏறும்போது காதுகொடுத்து நிற்பது மாதிரி, தடக் என்று வரும், இப்போது வரும். வரவில்லை. பலகை முனகுகிறது, மயில் எங்கேயோ கத்துகிறது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் அவள் அந்தப் பக்கம் இருக்கிறாள். சுவர் முழங்காலளவு கூட எழும்பாத வீடு, கூரை கிடையாது, நடுவில் நிலை மட்டும் நிற்கிறது, அதற்கு உள்ளே மஞ்சள் கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்க்கிறாள்.

"என்ன, அங்கேயே நிக்கிய? உள்ள வாங்க" என்கிறாள்.

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுப் போகிறேன்.